எந்தக் காப்பு

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறித் தருமபுரிப் பக்கம் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தச் செய்தி வத்தல்மலைக்கு ஏறி வரப் பத்து நாள் ஆனது. வந்தபோது வேங்கைப்பட்டியில் அதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. அவர்களுக்கு வேறொரு சண்டை வாசலுக்கே வந்திருந்தது.

மாசிக் கடைசியில் செல்லனுடைய கொத்துக்காட்டில் கல் நட்டார்கள். ஏர் நிற்காத சரிவு அது. கொத்தால் கொத்திக் கொத்தித்தான் சாமையும் தினையும் விதைக்க வேண்டும். செல்லனும் அவன் பெண்டாட்டி சாலம்மாளும், செல்லனின் தம்பி நாகனும், நாகன் பெண்டாட்டி பழனியம்மாளும் ஒரே உலையில் சோறு பொங்கித் தின்கிறவர்கள். நாலு பேருக்கும் அந்தச் சரிவுதான் சோறு. சாலம்மாள் கூழ்ச்சட்டியோடு காட்டுக்குப் போனபோது, காடு காக்கும் கார்டு சென்னப்பன் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நாலு கூலியாட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சென்னப்பன் கீழ்நாட்டுக்காரன். காக்கிச் சட்டை போடுவதற்கு முன்னால் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு செய்தவன் என்று சொல்வார்கள். யாரைப் பார்த்தாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பான்.

"இதென்னாங்க சாமி கல்லு?" என்று செல்லன் கேட்டான்.

"காப்புக்காட்டு எல்லை. இந்தக் கல்லுக்கு அந்தாண்ட இனிமேட்டு கத்தி வெக்கக் கூடாது, நெருப்பு வெக்கக் கூடாது, ஆடு ஏறக் கூடாது."

"காப்புக்காடு அந்த வேங்கை மரத்துக்கு மேலதானுங்களே. எங்கப்பன் காலத்துலருந்து இது நாங்க கொத்தற காடுங்க."

"அது அப்ப. இப்ப சண்டைக்கு மரமும் கரியும் வேணுமாம். எல்லைய எறக்கிட்டாங்க. எங்கிட்ட எதுக்குக் கேக்கற? சர்க்காரக் கேளு."

சாலம்மாள் கூழ்ச்சட்டியை இறக்கி வைத்தாள். காப்புக்காடு என்ற சொல் அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் அது தன் காட்டுக்கு வந்து சேரும் என்று அவள் நினைத்ததில்லை.

"கால்ல போடறது காப்பு. மாரியாயிக்குக் கையில கட்டறது காப்பு. சோறு போடற காட்டுக்குமா காப்பு போடுவாங்க?" என்றாள்.

சென்னப்பன் அவளை அப்போதுதான் பார்த்தான். முகத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தான். அவள் இரண்டு காலிலும் விரல் தண்டி வெள்ளிக் காப்பு கிடந்தது. கலியாணத்தின்போது தருமபுரித் தட்டான் காலிலேயே வைத்துத் தட்டி இறுக்கியது. பதினெட்டு வருஷமாக அது கழன்றதில்லை. அது உராய்ந்து உராய்ந்து கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, காய்ப்பு விழுந்திருந்தது.

"போடுவாங்க. மீறுனா உம்புருசன் கையில இன்னொரு காப்பும் போடுவாங்க. அது தட்டான் தட்டுனது இல்ல, சாவி போட்டுப் பூட்டறது" என்று சொல்லி அவன் சிரித்தான். கூலியாட்கள் சிரிக்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போன பிறகு செல்லன் கல்லின் மேல் உட்கார்ந்து கூழைக் குடித்தான். "கல்லு இருந்துட்டுப் போவட்டும். அதும்பாட்டுக்கு அது, நம்பபாட்டுக்கு நாம. வேற எங்க போயி கொத்தறது?" என்றான். அவன் சத்தம் போட்டுப் பேசிச் சாலம்மாள் கேட்டதில்லை. கோபமெல்லாம் தம்பி நாகனுக்குப் போய்விட்டது என்று அவள் சொல்வாள்.

பங்குனி பிறந்து மூன்றாம் நாள் காலையில் நெருப்பு வைத்தார்கள். கல் நடுவதற்கு முன்னாலிருந்தே இருபது நாளாக முள்ளும் தழையும் வெட்டிப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். காற்று கீழிருந்து மேலே ஏறும் நேரம் பார்த்து மேல் கோடியில் தீ வைக்க வேண்டும். அப்போதுதான் அது மெல்ல மெல்லத் தின்றுகொண்டு இறங்கும், காட்டுக்குள் தாவாது. செல்லன் பச்சைத் தழைக் கட்டோடு ஓரம் பார்த்துக்கொண்டு நின்றான். சாலம்மாள் கீழே, சாம்பல் பறக்கும் இடத்தில், எரியாமல் கிடந்த கட்டைகளை இழுத்து நெருப்பில் தள்ளினாள். நாகன் தேனுக்குப் போயிருந்தான். பழனியம்மாளுக்கு எட்டு மாசம், அவளை வீட்டில் விட்டு வந்திருந்தார்கள்.

புகையைப் பார்த்துவிட்டுத்தான் சென்னப்பன் ஏறி வந்தான். அவனோடு மாது என்ற காவலாள் வந்தான். மாது அடிவாரத்துக்காரன். வெற்றிலை விற்றுக்கொண்டிருந்தவன், மாசச் சம்பளத்துக்காகக் கார்டோடு தடி தூக்கிக்கொண்டு திரிந்தான். சாலம்மாள் கையால் எத்தனையோ தரம் கூழ் வாங்கிக் குடித்திருக்கிறான்.

சென்னப்பன் எதுவும் கேட்கவில்லை. நேரே மேலே ஏறிப் போய்ச் செல்லனின் முதுகில் தடியால் ஓங்கிப் போட்டான். செல்லன் திரும்பினான். இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. பச்சைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கீழே நின்ற சாலம்மாளுக்குக் கேட்டது. செல்லன் சாம்பலில் விழுந்தான். எழப் பார்த்தான். விலாவிலேயே காலால் உதைத்தான் சென்னப்பன். செல்லன் உருண்டு, எரிந்துகொண்டிருந்த கட்டையின் மேல் போய் விழுந்தான்.

சாலம்மாள் ஓடினாள். சூட்டுச் சாம்பலில் பாதம் புதையப் புதைய ஏறி, புருஷனை நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டாள். தோளில் தோல் வெந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, உட்டுருங்க சாமி. செத்துருவாருங்க."

"கேசு எழுதுனா ரெண்டு வருசம் போவான். எழுதாம இருக்கணும்னா அந்தக் காலுல கெடக்கறதக் கழட்டு."

"கழலாதுங்க. தட்டுன காப்பு. தட்டான் ஒலைக்குத்தான் போவணும்."

"மாது, காலப் புடிடா."

மாது நின்றான். "டேய்!" என்று சென்னப்பன் தடியை ஓங்கிய பிறகு குனிந்து அவள் வலது காலைப் பிடித்தான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். சென்னப்பன் செல்லனின் கொடுவாளை எடுத்தான். அவள் பாதத்தைப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் வைத்து, காப்பின் வாய் சேர்கிற இடத்தில் கொடுவாளின் முதுகால் அடித்தான். முதல் அடியில் காப்பு நெளிந்தது. இரண்டாவது அடி தவறி எலும்பில் விழுந்தது. அவள் கத்தின கத்தல் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. மூன்றாவது அடியில் காப்பின் வாய் பிளந்தது. பிளந்த முனையைப் பிடித்து முறுக்கி இழுத்தபோது அது சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

இடது காலையும் கேட்டான். அதற்குள் சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது. கத்தலைக் கேட்டு ஊரார் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். சென்னப்பன் நெளிந்த வெள்ளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். மாது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் போனான்.

பார்க்க ஆளில்லாமல் நெருப்பு அதன்போக்கில் இறங்கிவந்து, கல்லருகே அணைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. தேனோடு திரும்பி வந்த நாகன், அண்ணன் கிடந்த கிடையையும் அண்ணியின் காலில் கட்டியிருந்த வெட்டுக்காயத் தழையையும் பார்த்தான். தேன் குடுக்கையைச் சுவரில் ஓங்கி அடித்தான். கூரையில் செருகியிருந்த கத்தியை உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

"எங்கடா போற?" என்றார் ஊர்க்கவுண்டர் குள்ளன். வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பெயர்தான் குள்ளன், ஆள் நெடுநெடுவென்று வாசல் நிலையளவு இருப்பார்.

"கீழ போறன் கவுண்டரே. வழி உடுங்க. அவன் தலைய எடுத்தாந்து கோயிலு முன்னால வெக்கறன்."

"வெச்சிட்டு? நாளைக்குத் துப்பாக்கியோட ஏறி வருவானுங்க. முப்பது வூட்டையும் கொளுத்துவானுங்க. உம்பொண்டாட்டி வயித்தப் பாருடா."

"எங்கண்ணி காலப் பாருங்க!"

குள்ளன் பார்த்தார். பிறகு நாகனின் மணிக்கட்டைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊர் மொத்தமும் அங்கே கூடி நின்றது. பூசாரி மஞ்சள் நூலோடு தயாராக இருந்தார். ஒவ்வொரு வருஷமும் முதல் காப்பு ஊர்க்கவுண்டருக்குத்தான்.

"இந்த வருசம் மொதக் காப்பு நாகனுக்கு" என்றார் குள்ளன்.

நொண்டிக்கொண்டு பின்னால் வந்த சாலம்மாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. காப்புக் கட்டியவன் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இரும்பால் ஓர் உயிரைத் தொடக் கூடாது. ரத்தம் சிந்தக் கூடாது. எட்டு நாளில் இவன் ஆறிவிடுவான் என்று குள்ளன் கணக்குப் போடுகிறார். கத்தியைப் பிடுங்கினால் வேறு கத்தி எடுப்பான், கையையே கட்டிவிட்டால் என்ன செய்வான்? நாகன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆனால் மாரியாயி முன்னால், அத்தனை சனத்தின் முன்னால், நீட்டிய கையை அவனால் இழுத்துக்கொள்ள முடியவில்லை. மஞ்சள் கிழங்கு முடிந்த நூலைப் பூசாரி மூன்று சுற்றுச் சுற்றி முடிபோட்டார். பம்பை முழங்கியது.

சாலம்மாளுக்குக் குள்ளன் மேல்கூடக் கோபம் வந்தது. அடித்தவனை யாரும் கட்டவில்லை, அடி வாங்கினவனைக் கட்டிப்போடுகிறார்களே என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காப்புக் கட்டிவிட்டால் ஊரில் தாளிப்பு இல்லை, முட்டை இல்லை, உலக்கைச் சத்தம் இல்லை. குத்திவைத்த சாமையைத்தான் எட்டு நாளும் பொங்க வேண்டும். உலக்கையை மூலையில் படுக்க வைத்துவிட்டாள். செல்லனின் விலாவுக்கு முட்டை சேர்க்காமல் வெறும் உளுந்து மாவை அப்பித் துணி சுற்றினாள். அவன் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தே கிடந்தான். மூச்சு விட்டால் நோகும், இருமினால் எச்சிலில் ரத்தம் வரும். நாகன் வேப்ப மரத்தடியில் கிடந்தான். கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் உச்சிக்கு முன்னால் சென்னப்பன் மறுபடி ஏறி வந்தான். செல்லன் காட்டைக் கொளுத்தியதாகவும், கேட்கப் போன தன்னை அடிக்க வந்ததாகவும் கேசு எழுதிக் கொடுத்துவிட்டு, மாதுவோடு ஒரு போலீஸ்காரரையும் கூட்டி வந்திருந்தான். போலீஸ்காரர் வயசானவர். கோயிலில் காப்புக் கட்டியிருப்பதைப் பார்த்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஊர் முகப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். குள்ளன் அவருக்கு மோர் கொடுத்தார். "நீங்க போயிக் கூட்டியாங்க. காப்புக் கட்டுன ஊரு, நான் காக்கியோட உள்ள வரல" என்று சொல்லி, இடுப்பிலிருந்த கைவிலங்கைச் சென்னப்பனிடம் கொடுத்தனுப்பினார். அதை அவர் செய்திருக்கக் கூடாது.

வீட்டில் அப்போது சாலம்மாளும் செல்லனும்தான். பழனியம்மாள் ஊற்றுக்குப் போயிருந்தாள். சென்னப்பன் வாசற்படி ஏறுவதைப் பார்த்து நாகன் மரத்தடியிலிருந்து ஓடி வந்து குறுக்கே நின்றான்.

"எங்கண்ணன் எந்திரிக்க மாட்டாரு. போயிருங்க."

"எந்திரிக்கலன்னா இழுத்துக்கிட்டுப் போறன்."

"என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. இன்னும் மூணு நாளு. காப்பு அவுத்ததும் நானே எறங்கி வரன். இப்ப எல்ல தாண்டக் கூடாது."

"எவனா இருந்தா எனக்கென்னா? நீட்டுடா கைய."

"ஒரு கையில ரெண்டு காப்பு ஏறாதுங்க" என்றான் நாகன். அவன் குரல் அத்தனை தாழ்ந்து சாலம்மாள் கேட்டதில்லை. கெஞ்சுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏறும்" என்றான் சென்னப்பன். நாகனின் வலது கையைப் பிடித்தான். மடக்குக் கத்தியை எடுத்து மஞ்சள் நூலை அறுத்தான். மஞ்சள் கிழங்கு தரையில் விழுந்து உருண்டது. அந்த மணிக்கட்டில் இரும்பை மாட்டி அழுத்தினான்.

"ஐயோ சாமி, என்னா பண்ணிட்டீங்க!" என்று வாசலில் நின்ற மாது வாயைப் பொத்திக்கொண்டான்.

நூல் அறுந்ததும் நாகனைக் கட்டியிருந்தது எதுவோ அதுவும் அறுந்துபோனது. பூட்டின கையையே பின்னால் வீசி, முழு பலத்தோடு சென்னப்பனின் நெற்றியில் அடித்தான். இரும்பு எலும்பில் மோதியது. சென்னப்பன் நிலையில் இடித்துக்கொண்டு உள்பக்கமாக விழுந்தான். நாகன் மேலே பாய்வதற்குள் மாது பயத்தில் தடியை ஓங்கி அவன் பிடரியில் போட்டுவிட்டான். நாகன் முகங்குப்புற விழுந்தான். அசையவில்லை. தான் செய்த காரியத்தைப் பார்த்து மாதுவே மிரண்டு, தடியைப் போட்டுவிட்டு, "ஓடியாங்க, ஓடியாங்க" என்று கத்திக்கொண்டு ஊர் முகப்பைப் பார்த்து ஓடினான்.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சாலம்மாளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சென்னப்பன் சாகவில்லை, மயங்கவும் இல்லை. நெற்றிப் பிளவிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்க, கையை ஊன்றி எழுந்து மண்டிபோட்டான். மடக்குக் கத்தி இன்னும் அவன் கையில் இருந்தது. குப்புறக் கிடந்த நாகனைப் பார்த்தான். சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு, "என்னா சத்தம், என்னா சத்தம்" என்று முனகிக்கொண்டிருந்த செல்லனைப் பார்த்தான். செல்லன்தான் பக்கத்தில் கிடந்தான். அவனைப் பார்த்து மண்டியிட்டபடியே நகர்ந்தான்.

சாலம்மாள் மூலையிலிருந்த உலக்கையை எடுத்தாள். நிமிர்த்தியபோது அது கூரையில் இடித்தது. குறுக்காகப் பிடித்து, சாமை குத்துகிற மாதிரி இல்லாமல், பாம்பை அடிக்கிற மாதிரி வீசினாள். உலக்கையின் பூண் அவன் இடது கண்ணில் இறங்கியது. ஈரமான சத்தம் கேட்டது. அவன் மல்லாந்து விழுந்தான். கத்தி கையை விட்டுப் போய்விட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. இன்னொன்று போட்டாள். அது தாடையில் விழுந்தது. மூன்றாவதற்கு உலக்கையைத் தூக்கியபோதுதான் வலது கணுக்காலில் கட்டு அவிழ்ந்து ரத்தம் ஓடுவது தெரிந்தது. தூக்கிய உலக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

போலீஸ்காரர் பூட்ஸ் இல்லாமலே ஓடி வந்தார். பின்னால் மாது, அவன் பின்னால் ஊர். வாசலை அடைத்துக்கொண்டு ஐம்பது பேர் நின்றார்கள். சென்னப்பன் பேச்சில்லாமல் கிடந்தான். மூச்சு மட்டும் குறட்டை மாதிரி வந்தது.

"எவன்டா அடிச்சது?"

"அவன்தான்..." என்று மாது நாகன் பக்கம் கை நீட்டினான்.

"நாந்தானுங்க அடிச்சேன்" என்றாள் சாலம்மாள்.

போலீஸ்காரர் அவளையும் உலக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஊற்றிலிருந்து வந்த பழனியம்மாள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு, குப்புறக் கிடந்த புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாது" என்றாள் சாலம்மாள். "அன்னைக்கி எங்கால அமுக்கிப் புடிச்சது உங்கைதானே? நீயே சொல்லு. யாரு அடிச்சது?"

மாதுவின் கை கீழே இறங்கியது. அவள் கணுக்காலிலிருந்து சாணித் தரையில் இறங்கிக்கொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"அந்தம்மாதானுங்க" என்றான். "நான் பாத்தனுங்க. அந்தம்மாதான் அடிச்சாங்க."

பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அவன் சொன்னான். அது நிஜமென்று அவனுக்குத் தெரியாது.

வெளியே நின்ற கூட்டத்தைப் போலீஸ்காரர் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். அவருக்கும் சீக்கிரம் மலையை விட்டு இறங்க வேண்டியிருந்தது. நாகன் கையிலிருந்த விலங்கைத் திறந்து சாலம்மாள் கையில் மாட்டினார். அது முழங்கை வரைக்கும் ஏறியது, கையைத் தொங்கவிட்டதும் கழன்று விழுந்தது. இன்னொரு தரம் மாட்டினார், மறுபடியும் விழுந்தது. "நடம்மா" என்று சொல்லி அதைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டார். சென்னப்பனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் இறங்கினார்கள். அவள் பின்னால் நொண்டிக்கொண்டே போனாள்.

சென்னப்பன் பிழைத்துக்கொண்டான். இடது கண் போய்விட்டது. கோர்ட்டில், நாகன்தான் தன்னை அடித்தான் என்றான். மாது அந்தம்மாதான் என்றான். கண்ணில் பட்டது உலக்கை மாதிரிக் கனத்த சாமான் என்று டாக்டரும் சொன்னார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா அடிச்சே?"

"காப்புக்கோசரந்தானுங்க."

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். "காப்புன்னா? காப்புக்காட்டு விஷயமா?"

"அதுவுந்தானுங்க."

"எந்தக் காப்புன்னு தெளிவாச் சொல்லணும்."

அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இத்தனை பேர் நடுவில் அவள் பேசினதே இல்லை.

"எங்க காட்டுக்குக் காப்பு போட்டாங்க, எங்களுக்குச் சோறு போச்சு. அப்பறம் இதோ" என்று சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, பாதத்தைக் கூண்டின் கட்டையில் வைத்தாள். இடது காலில் வெள்ளி கிடந்தது. வலது காலில் கிழிந்த சதை முறுக்கிக்கொண்டு ஆறியிருந்தது. "இந்தக் காப்ப வெட்டிப் புடுங்குனாருங்க. அப்பறம் எங்கொழுந்தன் கையில மாரியாயி காப்பு இருந்துச்சி. அத அறுத்துட்டு அவரு காப்பப் போட்டாரு. எதுக்குன்னு கேக்கறீங்க. நான் எதுக்குன்னு சொல்லட்டுமுங்க?"

"வெள்ளியெல்லாம் பொய்யி எசமான்" என்றான் சென்னப்பன்.

கோர்ட்டில் முணுமுணுப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார்: "காப்பு விஷயமாக ஏற்பட்ட கோபத்தில் உலக்கையால் அடித்ததை ஒப்புக்கொள்கிறேன்." இவ்வளவுதானா என்று அவள் கேட்க நினைத்தாள். கட்டைவிரலில் மையைத் தடவி அழுத்திவிட்டார்கள்.

ஒரு வருஷம் வேலூர் செயில். வெள்ளியை எடுத்தது பற்றித் தனியாக விசாரிக்கும்படி எழுதியதாகச் சொன்னார்கள். யாரும் வந்து விசாரிக்கவில்லை. சென்னப்பனை வேறு காட்டுக்கு மாற்றினார்கள். மாதுவுக்கு வேலை போய்விட்டது.

அடுத்த வைகாசியில் அவள் தருமபுரியிலிருந்து தனியாக மலையேறி வந்தாள். ஊர் எல்லையிலேயே பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கொழுந்தனுக்காகச் செயிலுக்குப் போனவள் என்று ஒருத்தி அவள் காலில் விழுந்தாள். குள்ளன் கையெடுத்துக் கும்பிட்டார். சாலம்மாளுக்குக் கூச்சமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. செல்லன் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான். விலா எலும்பு கோணலாகக் கூடிப்போய், ஆள் சாய்ந்தே நின்றான். அவளைப் பார்த்து, "எளச்சிட்ட" என்றான். அவ்வளவுதான் பேசினான். பிறகு திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கொத்துக்காடு போய்விட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் முள் ஆளுயரம் வளர்ந்திருந்தது. கடுக்காய் பொறுக்கியும் சீமாறு கட்டியும் ஒரு வருஷத்தைத் தள்ளியிருந்தார்கள். பழனியம்மாள் ஒரு வயசுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சாமைச் சோறு பொங்கி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தாள்.

"நாகன் எங்கடி?"

பழனியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு வூட்டுல சாப்படறது இல்லிங்கக்கா. நீங்க போன நாள்லருந்து. எலைல வாங்கிக்கிட்டு மரத்தடிக்குப் போயிருவாரு. ஊருல எவன் சிரிச்சாலும் தன்னப் பாத்துத்தான் சிரிக்கறான்னு அடிக்கப் போறாரு. ரெண்டு பேரு மண்டைய ஒடச்சிட்டாரு. போன வாரம் என்னையும்..." அவள் மேல் உதடு தையல் போட்ட மாதிரிப் பிளந்து ஆறியிருந்தது.

நாகன் பொழுது சாயும்போது வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். ஒரு வருஷத்தில் பத்து வயசு ஏறியிருந்தான்.

"அண்ணி, நான் நாளைக்கிக் கோர்ட்டுக்குப் போறன். நாந்தான் அடிச்சேன்னு சொல்லிடறன். பொம்பளைய அனுப்பிட்டு வூட்டுல குந்திக்கிட்டவன்னு ஊரு சொல்லுது. என்னால முடியில."

சாலம்மாள் எழுந்து வெளியே வந்தாள். அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். சத்தம் கேட்டுக் குழந்தை அழுதது.

"இது பழனியம்மா ஒதட்டுக்கு" என்றாள். "இப்பக் கேளு. நீ அடிச்சது நெத்தியில. அவன் உழுந்தான், எந்திரிச்சான். கத்திய எடுத்துக்கிட்டு உங்கண்ணன்கிட்டப் போனான். நீ குப்புறக் கெடந்த. உலக்கைய எடுத்தது நானு. அந்தக் கண்ணு நான் எடுத்தது."

உள்ளே செல்லன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நெசமாவாங்க அண்ணி?"

"ரெண்டு போடு போட்டேன். மொதப் போடு உங்கண்ணனுக்கோசரம். ரெண்டாவது யாருக்கோசரமும் இல்ல. போடணும்போல இருந்துச்சி, போட்டேன். செயில்ல நெல்லு குத்தச் சொன்னாங்க. ஒரு வருசம் உலக்கைய எடுக்கறப்பல்லாம் அந்தச் சத்தந்தான் கேட்டுது. சோறு எறங்கல. ஆனா அது என்னுது. நான் பண்ணுனது, நான் இருந்துட்டு வந்தேன். உனக்கோசரம் நான் போவல. இதுல ஒனக்குப் பங்கு இல்ல, புரியுதா?"

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பழனியம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலையோரம் நின்றாள்.

"நாளைக்கு ஊருல சொல்லிடு" என்றாள் சாலம்மாள். "என் காலுல உழ வேண்டாம்னு சொல்லு."

நாகன் எழுந்தான். வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். அண்ணனுக்குப் பக்கத்தில், சுவரில் சாயாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பழனியம்மாள் சோற்றைப் போட வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"குழம்பு காரமா இருக்குது" என்றான் செல்லன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"இருக்கட்டும்" என்றாள் சாலம்மாள். "சாப்படுங்க."